இலவசமும் கட்டின்மையும்: தமிழ்க் கணினிக் கருவிகளின் வெளியீட்டு வரலாறு

1. முன்னுரை

விலையின்மையையும் தடையின்மையையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும். தமிழில் அவற்றிற்கு இருவேறு சொற்கள் உள. விலையின்றித் தரப்படுவது இலவசம். தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரியது கட்டற்றது. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு முதல் தன் நலத்திட்டங்களில் வழங்கிய 'விலையில்லா' என்னும் அடைமொழியும் முதற்பொருளையே சாரும். ஆயினும் தமிழ்க் கணினிக் கருவிகளைப் பற்றிய பேச்சில் இவ்வேறுபாடு நெடுங்காலம் பேணப்படவில்லை. 1990களில் வெளிவந்த எழுத்துருக்களும் விசைப்பலகை இயக்கிகளும் எவ்வகை உரிமையோடு வெளியிடப்பட்டன என்ற ஆய்வின்றி, எல்லாம் 'இலவச மென்பொருள்' என்றே வழங்கப்பட்டன.

இது பெயரளவிலான குழப்பமன்று. எந்தக் கருவி எவ்வகையில் வெளியிடப்பட்டது என்பதைப் பொறுத்தே அக்கருவியால் எழுதப்பட்ட உரைகள் பிற்காலத்தார்க்குக் கிடைப்பதும் கிடையாமற்போவதும் அமைந்தன. அவ்வரலாற்றை எழுத்துரு, குறியேற்றம், இடைமுக மொழிபெயர்ப்பு என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இலவச எழுத்துருக்களின் காலம்

தனிக்கணினிகள் பரவிய 1980களில் தமிழை உள்ளிடும் முயற்சிகள் பெரும்பாலும் தனியார்வத்தால் எழுந்தன. கனடாவில் வாழ்ந்த கே. சீனிவாசன் 'ஆதமி' என்னும் செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். அதன் வழிவந்த 'முரசு அஞ்சல்' பின்னர் இலவசப் பதிப்பாகவும் வழங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாக அளித்தார். ஒலிப்புமுறைத் தட்டச்சுக்கு இவை வழிகோலின. உரோமன் விசைகளைக்கொண்டு தமிழை உள்ளிடும் பழக்கம் புலம்பெயர்ந்தோரிடையே வேரூன்றியதற்கு இதுவே தோற்றுவாய் எனலாம்.

இவற்றைப் பெற்றவர் விலை கொடுக்கவேண்டுவதில்லை. நண்பர்க்குப் படியெடுத்துக் கொடுப்பதிலும் பொதுவாக இடர்ப்பாடில்லை. ஆயினும் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் உள்வரிசையைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் 'க' நின்ற இடத்தில் மற்றொன்றில் 'ளு' நின்றது. எனவே அனுப்பியவரின் எழுத்துரு பெற்றவரிடம் இல்லாதவழி உரை பொருளற்ற குறிக்கூட்டமாகவே திரையில் தோன்றிற்று. நாளிதழ்களும் பதிப்பகங்களும் தத்தமக்கென எழுத்துருக்களைக் கைக்கொண்டமையால் இச்சிதறல் மிகுந்தது. எழுத்துரு இலவசமாகக் கிடைத்தமை இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. ஒருவகையில் மிகுவிக்கவும் செய்தது. புதிய எழுத்துருவைப் படைத்துப் பரப்புதல் எளிதாயினமையின் புதிய உள்வரிசைகளும் எளிதிற் பெருகின.

3. குறியேற்ற அட்டவணையும் உரையின் ஆயுளும்

இந்திய அரசின் தரநிர்ணய அமைப்பு 1991இல் வெளியிட்ட 'இஸ்கி' தரம் இந்திய எழுத்துமுறைகள் பலவற்றிற்கும் பொதுவானதோர் அடுக்கினை வகுத்தது. அதே ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இஸ்கியின் முந்தைய 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவி, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதியை ஒதுக்கியது. இவ்விரண்டிலும் அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகளாக அமைந்தன. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளையும் தனித்தனி அலகுகளாகக் கருதும் மரபினர்க்கு இவ்வமைப்பு உடன்பாடாக இல்லை. அன்றைய கணினிகளில் அதனைச் செயற்படுத்தும் வசதியும் குறைவு.

இந்நிலையில் 1997 மே மாதம் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் நடைபெற்ற 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு பொதுக் குறியேற்றத்தின் தேவையை முன்வைத்தது. அதனையடுத்துப் பல நாட்டுத் தமிழார்வலர் மின்னஞ்சல்வழிக் கலந்து 'திஸ்கி' என்னும் எட்டுப்பிட்டுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாடோ 'தமிழ் 99' விசைப்பலகையையும், ஒருமொழிப் பயன்பாட்டிற்குத் 'தாம்', இருமொழிப் பயன்பாட்டிற்குத் 'தாப்' என்னும் குறியேற்றங்களையும் பரிந்துரைத்தது. அவை அதே ஆண்டு தமிழ்நாட்டரசின் ஏற்பினைப் பெற்றன. ஆக, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழுக்குத் தரங்கள் பல இருந்தன; ஒன்றில்லை.

திஸ்கியின் அமைப்பு மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. அது எழுத்தின் வரிவடிவத்தைக் குறியேற்றியதேயன்றி ஒலிமுறையை அன்று. சான்றாகக் 'கொ' என்னும் எழுத்து திஸ்கியில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே அமையும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக ஒலிவரிசையில் அமையும். ஆகவே திஸ்கி உரையை ஒருங்குறிக்கு மாற்ற, குறிக்குக் குறி பெயர்த்தல் போதாது. கொம்பினை அடுத்த மெய்க்குப் பின்னே கொணர்ந்து, கால் தொடர்ந்தால் இரண்டையும் ஒன்றாக்குதல் வேண்டும். அகரவரிசைப்படுத்தலிலும் சொல் தேடலிலும் இவ்வேறுபாடு நேரே வெளிப்படும்.

இம்மாற்றம் இயலவேண்டுமாயின் அட்டவணை பொதுவில் இருத்தல் வேண்டும். திஸ்கியின் அட்டவணை தொடக்கம் முதலே யாவர்க்கும் வெளியிடப்பட்டது. அதனால் திஸ்கி மாற்றி ஒன்று 2002இல் 'குனு' திட்டத்தின் சி மொழி நூலகத்தில் இடம்பெற்றது. உலகில் லினக்சு இயங்கும் கணினிகளிற் பெரும்பாலானவற்றிற்கு அந்நூலகமே அடிப்படையாகும். 2007இல் இணைய எண்வழங்கு ஆணையத்தின் குறியேற்றப் பட்டியலிலும் திஸ்கி பதிவுபெற்றது. புதிதாக எவரும் திஸ்கியில் எழுதாத காலத்தும் அதனால் எழுதப்பட்ட உரை படிக்கத்தக்கதாகவே உள்ளது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத்திட்டம் இதற்குத் தக்க சான்று. தன்னார்வலர் தட்டச்சிட்ட இலக்கியங்கள் திஸ்கியில் வெளியிடப்பட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. உழைப்பு இருமுறை வேண்டப்படவில்லை. அட்டவணை வெளியிடப்படாத எழுத்துருக்களில் அமைந்த உரைகளுக்கு இவ்வாய்ப்பில்லை. அவற்றை மீட்க, வரிவடிவங்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி அட்டவணையை ஊகித்துப் பெறவேண்டியதாயிற்று. எழுத்துருவே கிடைக்காதவிடத்து அதுவும் அரிது.

இருமொழி வழங்கும் நிலப்பகுதிகளை நோக்கின் இது மேலும் தெளிவாகும். ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் தமிழக எல்லையை ஒட்டியவை. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குபவை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோதும் எல்லையின் இருபுறமும் இருமொழியாளர் தொடர்ந்து வாழ்ந்தனர். கங்காதர நெல்லூர் போன்றதோர் எல்லைப்புற ஊரில் தமிழும் தெலுங்கும் கலந்த ஆவணம் ஒன்றை எட்டுப்பிட்டு எழுத்துருக்களால் அமைப்பதாகக் கொள்வோம். ஒரே எண் ஓரிடத்தில் தமிழெழுத்தையும் மற்றோரிடத்தில் தெலுங்கெழுத்தையும் குறிக்கும். எழுத்துருவின் பெயரைத் தாங்கிய குறிப்பு படியெடுக்கும்போது விடுபட்டால், ஒருமொழி மற்றதன் வரிவடிவில் தோன்றி இரண்டும் கெடும். தமிழுக்கும் தெலுங்குக்கும் வெவ்வேறு எண்களை அளித்த ஒருங்குறியிலேயே இருமொழி உரை எழுத்துருவைச் சாராத தன்னிலை பெற்றது.

ஒருங்குறி வேரூன்றியதற்குக் கட்டற்ற மென்பொருள் மட்டுமே காரணமென்று கூறுதல் பொருந்தாது. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு 2000 இயங்குதளம் 'லதா' எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறியைத் தாங்கி வந்தமை பெருந்திருப்பமாகும். தமிழ்நாட்டரசு 2010 ஜூன் மாதம் ஒருங்குறியைத் தரமாகவும், எல்லா எழுத்துகட்கும் தனியிடம் அளிக்கும் 'டேஸ் 16' குறியேற்றத்தை மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. ஒருங்குறியைப் பரப்பியதில் வணிகப் பொருள்களின் பங்கு பெரிது. பழைய உரைகளை ஒருங்குறிக்குக் கொணர்ந்ததில் வெளிப்படையான அட்டவணைகளின் பங்கு பெரிது.

4. கருவியின் உரிமையும் தொடர்ச்சியும்

கட்டற்ற மென்பொருள் என்னும் கருத்து 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தோடு தொடங்குகிறது. 1989இல் வெளியான பொது உரிமம் அதற்குச் சட்டவடிவம் தந்தது. இயக்குதல், ஆராய்ந்து திருத்துதல், படியெடுத்து வழங்குதல், திருத்தியதை வெளியிடுதல் ஆகிய நான்கு உரிமைகளும் ஒருங்கே அமைந்ததே கட்டற்ற மென்பொருள். விலைக்கு விற்றலை அவ்வுரிமம் தடுப்பதில்லை. இலவசமும் கட்டின்மையும் வேறுவேறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமிழில் இவ்வேறுபாட்டை 'எ-கலப்பை'யின் வரலாறு காட்டும். 2000களின் தொடக்கத்தில் முகுந்தராசு வெளியிட்ட இவ்விசைப்பலகைக் கருவி விலையின்றிக் கிடைத்தமையால் பெரிதும் பரவிற்று. எனினும் அதன் தொடக்கப் பதிப்புகள் 'கீமேன்' என்னும் தனியுரிமை இயக்கியை அடியாகக் கொண்டவை. இலவசமாயினும் அடித்தளம் பிறருடையது. பின்னர் வந்த மூன்றாம் பதிப்பு மூலநிரலோடு புதிதாக எழுதப்பட்டது. கீமேனும் 2015இல் எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் பொறுப்பில் வந்தபின் கட்டற்ற மென்பொருளாக மாறிற்று. எழுத்துருத் துறையில், ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்ட 'லோகித்' எழுத்துருக் குடும்பம் தமிழையும் உள்ளடக்கிற்று. இந்திய அரசு 2005இல் தமிழ் எழுத்துருக்களையும் கருவிகளையும் குறுவட்டில் இலவசமாக வெளியிட்டது. இவ்விரு வெளியீடுகளும் ஒரே காலத்தன. பயனர் இரண்டிற்கும் விலை கொடுக்கவில்லை. லோகித் எழுத்துருவைத் திருத்தி மறுபடியும் வெளியிடும் உரிமையைப் பெறுநர்க்கு அதன் உரிமமே அளித்தது.

5. இடைமுக மொழிபெயர்ப்பு எழுப்பிய இலக்கணச் சிக்கல்கள்

மூலநிரல் வெளியிடப்பட்டதன் மற்றொரு விளைவு, மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்கும் வாய்ப்பு நிறுவனங்களிடமிருந்து மொழிபெயர்ப்பாளர் கைக்கு வந்தமையாகும். 2000ஆம் ஆண்டளவில் 'கே.டி.இ.' பணிமேடையில் தன்னார்வலர் இப்பணியை மேற்கொண்டனர். செய்திகள் நிரலினின்று பிரிக்கப்பட்டு, மூலத்தொடரும் பெயர்ப்பும் இணையிணையாக அமைந்த கோப்புகளில் வைக்கப்படும். நிரலாக்கம் அறியாதவரும் இவற்றைத் திருத்தலாம்.

இக்கோப்புகளில் தமிழின் ஒட்டுநிலை இயல்பு உடனே வெளிப்பட்டது. மூலத்தொடரில் கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் இடங்காட்டி நிற்கும். இயங்கும்போது பெயர் அவ்விடத்தில் நிரப்பப்படும். ஆங்கிலத்தில் பெயர் வடிவு மாறாது. தமிழிலோ வேற்றுமையுருபு ஏற்குங்கால் 'படம்' என்பது 'படத்தை' எனவும் 'கோப்பு' என்பது 'கோப்பை' எனவும் திரியும். இடங்காட்டியை அடுத்து 'ஐ' உருபை எழுதின் 'படம்ஐ' என்னும் வழுவடிவம் தோன்றும். இதற்கு மொழிபெயர்ப்பாளர் கண்ட தீர்வு இலக்கண மரபிற்குள்ளேயே இருந்தது. பெயரைத் திரியாது நிறுத்தி, 'என்னும் கோப்பை', 'என்பதை' எனப் பின்வரும் சொல்லில் உருபை ஏற்றினர்.

சொல்வரிசையும் அத்தகையதே. 'பத்துப் பக்கங்களுள் மூன்றாம் பக்கம்' என்னும் கருத்தில் ஆங்கிலம் மூன்றை முன்னும் பத்தைப் பின்னும் கூறும். தமிழ் அதனை மாற்றிக் கூறும். இடங்காட்டிகட்கு எண்ணிட்டு வரிசையை மாற்றும் வசதி இருந்தமையால் தமிழ்த்தொடர் இயல்பு கெடாது அமைந்தது. பன்மை குறித்து, ஒன்று, ஒன்றல்லாதது என இருவடிவம் தமிழுக்கு வகுக்கப்பட்டது. அஃறிணைப் பெயர்க்குக் 'கள்' விகுதி கட்டாயமன்று என்பது மரபாதலின், எண்ணுப்பெயரோடு 'ஐந்து கோப்பு' என்பதும் வழுவன்று. ஆயினும் இடைமுகங்களில் 'கோப்புகள்' என்னும் வடிவமே பெருவழக்காயிற்று.

ஏவல் வடிவம் மற்றொரு சிக்கல். பொத்தானின் மேல் 'சேமி' என எழுதுவதா, 'சேமிக்கவும்' என எழுதுவதா என்பது பேசுபவர் யார் என்பதைப் பொறுத்தது. பயனர் கணினியை ஏவுமிடத்து 'சேமி', 'திற', 'மூடு' என்னும் ஒருமையேவல் பொருந்தும். கணினி பயனரை வேண்டுமிடத்து 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்னும் மரியாதை வடிவம் வேண்டும். ஆங்கில மூலம் இவ்விரண்டையும் ஒரே வடிவிற் கூறுவதால், தொடர் எங்கு வருகிறது என்பதை அறியாத மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார். மூலநிரல் திறந்திருந்தமையின் அவ்விடத்தைத் தேடிக்கண்டு தெளிதல் இயன்றது.

கலைச்சொற்களில் ஒருமை எளிதில் அமையவில்லை. 'மென்பொருள்', 'எழுத்துரு', 'கோப்பு' ஆகியவை நிலைபெற்றன. திறந்த மூலநிரலைக் குறிக்கத் 'திறமூலம்', 'திறவூற்று', 'திறந்த மூலம்' எனப் பல வடிவங்கள் தோன்றின. மதுரைத்திட்டத்தில் உரைகள் ஒரு குறியேற்றத்தினின்று மற்றொன்றிற்குச் சென்றாற்போல, இச்சொற்களும் வெளிப்படையான பெயர்ப்புக் கோப்புகளில் இருப்பதால், ஒன்றை மற்றொன்றாகத் திருத்தவும் அவற்றின் வழக்கு வரலாற்றை ஆண்டுவாரியாக ஆராயவும் இயலும்.

6. முடிவுரை

இலவசமாக வழங்கப்பட்ட கருவிகள் தமிழைக் கணினியிற் பயில்வதற்குப் பெரும்பயன் அளித்தன, அத்தொண்டு மறக்கத்தக்கதன்று. ஆயின் அக்கருவிகள் வழக்கிழந்தபின் எஞ்சியவை எவை என வினவின், அட்டவணை வெளியிடப்பட்ட குறியேற்றத்தில் அமைந்த உரைகளும், மூலநிரல் வெளியிடப்பட்ட கருவிகளும், திருத்தத்தக்க பெயர்ப்புக் கோப்புகளுமே விடையாகின்றன. ஒரு கருவியைத் தேர்ந்துகொள்ளும் மொழிபெயர்ப்பாளரும், உரைத்தொகுதியைத் தொகுக்கும் மொழியியலாளரும் 'இது இலவசமா?' என வினவுவதோடு அமையாது, 'இதனுள் இருப்பதை வேறொருவர் வேறொரு காலத்தில் வெளிக்கொணர இயலுமா?' எனவும் வினவுதல் வேண்டும். தமிழில் அவ்விரு வினாக்கட்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளமையின், அவற்றை வேறுபடுத்தி வழங்குதலே முதற்பணியாகும்.