வ.உ.சி.யின் வாடகைக் கப்பலும் கப்பல் தரகுப் படிப்பும்

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் தைத்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடைக்கப்படும் பனியன்கள் லாரி ஏறித் தூத்துக்குடிக்குப் போகின்றன. அங்கே கன்டெய்னரோடு கப்பல் ஏறுகின்றன. அந்தத் துறைமுகத்துக்கு 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். 'கப்பலோட்டிய தமிழன்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் முதலில் ஓட்டியது சொந்தக் கப்பலை அல்ல, வாடகைக் கப்பலை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். கம்பெனி ரெடி, கப்பல்தான் இல்லை! ஷா லைன் என்ற கம்பெனியிடம் கப்பலைக் குத்தகைக்கு எடுத்துத் தூத்துக்குடி - கொழும்பு வழியில் ஓட்டினார்கள்.

அதுவரை அந்த வழியில் ஏகபோகமாக இருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அது ஷா லைனை நெருக்கியது. குத்தகை ரத்தானது. பங்குதாரர்கள் இருந்தும், பயணிகள் இருந்தும், கம்பெனி கப்பல் இல்லாமல் நின்றது. வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். பிறகுதான் 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன.

அப்போது நடந்ததைத்தான் இன்று 'சார்ட்டரிங்' என்ற பெயரில் படிக்கிறார்கள். இதில் மூன்று வகை உண்டு. ஒரு பயணத்துக்கு மட்டும் கப்பலைப் பேசுவது ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்கு எடுப்பது இரண்டாவது. இதில் எரிபொருள், துறைமுகச் செலவு எல்லாம் எடுத்தவர் தலையில். மூன்றாவது, மாலுமிகூட இல்லாமல் வெறும் கப்பலை எடுப்பது. கப்பல் எந்த நாளில் வர வேண்டும், ஏற்றி இறக்க எத்தனை நாள், தாமதமானால் யார் எவ்வளவு கட்ட வேண்டும், முதலாளி பின்வாங்கினால் என்ன ஈடு என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். இரு பக்கமும் பேசி முடித்து வைப்பவர்தான் கப்பல் தரகர். அவருக்கு வழக்கமான கமிஷன் வாடகையில் 1.25 சதவீதம்.

இந்தத் தொழிலின் தாய்வீடு லண்டன். 1744-ல் வணிகர்களும் கப்பல் தலைவர்களும் கூடிய ஒரு காபிக் கடையிலிருந்து பிறந்ததுதான் பால்டிக் எக்ஸ்சேஞ்ச். 'எங்கள் வார்த்தையே எங்கள் பத்திரம்' என்பது அதன் முழக்கம். வெகுகாலம் இந்த வித்தையைக் கற்க ஒரே வழி, ஒரு தரகர் அலுவலகத்தில் பையனாகச் சேர்ந்து பார்த்துப் பழகுவதுதான். 1911-ல் லண்டனில் கப்பல் தரகர்களுக்கென ஒரு நிறுவனம் தொடங்கியது. 1920-ல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. கடல் வணிகப் பொருளாதாரம், சட்டம், சரக்குக் கப்பல் சார்ட்டரிங், கப்பல் வாங்கல் விற்றல் என்று தேர்வுகள் வந்தன. டியூட்டர்ஷிப் என்ற தொலைநிலைப் பாடம் வழியாக வெளிநாட்டில் இருந்தபடியும் படிக்க முடிந்தது.

அதே 1911-ல் தூத்துக்குடியில் நடந்தது என்ன? சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது! எதிர்க் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பிறகு இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்துப் பார்த்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அதன்பின் கம்பெனியால் எழ முடியவில்லை. கப்பல் தரகர்களுக்கு ஒரு படிப்பு உருவாகத் தொடங்கிய ஆண்டில், வழக்கறிஞராக இருந்து அனுபவத்தில் அதைக் கற்ற ஒருவர் சிறையில் இருந்தார்.

படிப்பு இருந்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அரசாங்கமே எதிரில் நின்றது. ஆனால் ஒன்று நிச்சயம்: சொந்தக் கப்பல் இல்லாதவனுக்கு வாடகை ஒப்பந்தம்தான் கப்பல். 1974-ல் தமிழக அரசு தொடங்கிய பூம்புகார் கப்பல் கழகமும், மின் நிலையங்களுக்கான நிலக்கரியைக் கொண்டுவரச் சொந்தக் கப்பல்களோடு வாடகைக் கப்பல்களையும் எடுத்தது. 2008-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் வந்தது.

பனியன் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பனியனுக்கு முழுக் கப்பல் தேவையில்லை, கன்டெய்னர் போதும். திருப்பூர் ஏற்றுமதியில் பெரும்பாலும் எப்.ஓ.பி. முறைதான். சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு இவர்கள் பொறுப்பு முடியும். எந்தக் கப்பல், என்ன வாடகை என்பதை வாங்குபவர் தீர்மானிப்பார். தலைவலி இல்லை என்று தோன்றும். ஆனால் 2021-ல் கன்டெய்னர் வாடகை எகிறியபோதும், 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோதும், அந்தச் சுமை விலைப் பேரமாகவும் தாமதமாகவும் இங்கேயே திரும்பி வந்தது.

நூல், சாயம், தையல் என்று ஒவ்வொன்றுக்கும் பைசாக் கணக்குப் பார்க்கும் ஊர் இது. பி.காம் பாடத்தில் எப்.ஓ.பி., சி.ஐ.எப். இரண்டுக்கும் வித்தியாசம் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்குவதோடு நிற்காமல், சிலராவது கப்பல் வாடகைக் கணக்கையும் முறையாகப் படித்தால், அந்தப் பேரத்தில் ஊரும் ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம். கப்பல் இல்லாமல் நின்ற நாளில் வ.உ.சி. தேடியதும் அந்த நாற்காலியைத்தான்.