ஊசித்துளைக் கேமரா (தாள் நெகட்டிவ்)
வில்லை இல்லாமல், சிறு துளை வழியே வரும் ஒளியால் படம்பிடிக்கும் பெட்டி. வீட்டில் செய்வோர் ஃபிலிமுக்குப் பதில் 8×10 அங்குலக் கறுப்பு-வெள்ளை ஒளிப்படத் தாளை வைப்பதுண்டு. அதைச் சிவப்பு விளக்கொளியிலேயே கையாளலாம். ஒளி கசியாத, உட்புறம் கறுப்புப் பூசிய மரப்பெட்டியே போதும். வேலையின் உயிர் துளையில்தான். துளைக்கும் தாளுக்கும் 200 மி.மீ. இடைவெளி எனில், மெல்லிய பித்தளைத் தகட்டில் ஏறத்தாழ 0.6 மி.மீ. துளையிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். துளை அகன்றால் படம் மங்கும். மிகக் குறுகினாலும் விளிம்பு விளைவால் மங்கும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாளின் உணர்திறன் சுமார் ஐஎஸ்ஓ 6 மட்டுமே என்பதால் நல்ல வெயிலிலும் ஓரிரு நிமிடம் துளையைத் திறந்துவைக்க நேரும். நீல ஒளியை அதிகம் உணர்வதால் வானம் வெளிறிவிடும். கழுவியதும் கிடைக்கும் தாள் நெகட்டிவை இன்னொரு தாளுடன் முகத்தோடு முகம் சேர்த்து ஒளிகாட்டினால், இடவலம் சரியான படம் வரும்.