பேதி மருந்தும் வெறுங்காலும்

ஒரு நோயாளி குணமடைந்துவிட்டார் என்று நாம் எப்பொழுது சொல்லலாம்? மருந்து குடித்த மறுநாளா? ஐந்தாண்டுகள் கழித்தும் அவர் நலமாக உழைத்து வாழ்வதைக் காணும்போதா? குடலைப் பற்றும் தொற்றுகளைக் குறித்து எழும் இக்கேள்விக்கு இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு தெளிவான விடை தருகிறது. அது கொழுக்கிப்புழுவின் வரலாறு.

அரை அங்குல நீளமும் இல்லாத சிற்றுயிர் அது. நோயாளியின் மலத்தோடு வெளிப்படும் முட்டை ஈரமண்ணிற் பொரித்து, ஒரு வார காலத்திலேயே வெறுங்காலின் தோலைத் துளைக்கும் வலிமை பெறுகிறது. பின்னர் இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது துளியளவே. நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தால் உடலின் இரும்புச்சத்து வற்றிச் சோகை பிடிக்கிறது. பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுகிறது. பிரசவம் தாயின் உயிருக்கே ஆபத்தாகிறது.

1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கொதார்ட் சுரங்கம் அமைத்த தொழிலாளரை வாட்டியதும் இதே நோய்தான். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1902இல் பத்திரிகைகள் இதற்குச் 'சோம்பற் கிருமி' என்று பெயர் சூட்டின. இரத்தம் வற்றியவனின் களைப்பைச் சோம்பல் என்றழைப்பது உலகெங்கும் முதலாளிகளுக்கு வழக்கமாக இருந்திருக்கிறது!

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த மக்கள் இப்புழுவைத் தம் குடலிற் சுமந்தே வந்தனர். நுவரெலியாவின் கடுங்குளிர் புழுவுக்கு அவ்வளவாக ஒவ்வாது. ஆனால் மலையின் கீழ்ச்சரிவுகளில் வெப்பம், மழை, நிழல் மூன்றும் கூடி அதனை வளர்த்தன. ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் ஒடுங்கிய லயங்களில் மலசலகூடம் அரிது. காலையில் ஒதுங்கிய தேயிலைச் செடிகளுக்கிடையேதான் பெண்கள் வெறுங்காலுடன் கொழுந்து பறித்தனர்.

சட்டம் இல்லாமலில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872இலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத்துரையின் கடமை என்று 1912ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. ஆயினும் ஏட்டிலுள்ள கடமை மண்ணைத் தூய்மையாக்கவில்லை.

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. நோய் நீங்கினால் வேலை பெருகும் என்பதே தோட்டக்காரர்களைக் கவர்ந்த வாதம். ஓமவுப்பும் சீனோபோடியம் எண்ணெயும் கொடுத்து, பேதியும் கொடுத்தனர். அளவு மீறினால் உயிருக்கே ஊறு செய்யும் மருந்துகள் அவை. புழுக்கள் வெளியேறின, சோகையும் தணிந்தது. ஆனால் சிகிச்சை பெற்றவர் திரும்பிச் சென்றது அதே லயத்துக்கு, அதே அசுத்த மண்ணுக்கு. புழு மீண்டும் காலைத் துளைத்தது. மலசலகூடங்கள் கட்டுமாறு மருத்துவர்கள் வற்புறுத்தினர். தோட்டக்காரர் பலர் செலவைக் கண்டு தயங்கினர். மருந்தின் செலவு சிறிது, மண்ணைத் திருத்தும் செலவு பெரிது என்ற கணக்கே நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது.

1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். நல்ல வீடும் மலசலகூடமும் கேட்கும் குரலுக்கு அதனால் வலுவில்லாமற் போயிற்று. நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை முற்றாகத் தீரவில்லை. இதனிடையே தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. பழைய லயங்களிலோ இன்றும் மக்கள் வாழ்கின்றனர்.

இன்று ஒரே மாத்திரையிற் பெரும்பாலான புழுக்களை வெளியேற்றலாம். விஞ்ஞானத்தின் இவ்வெற்றியை நாம் வரவேற்கிறோம். எனினும் ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றை மறத்தலாகாது: மாத்திரை ஒரு நாளின் குடலைச் சுத்தமாக்கும், வருங்காலத்துக் குடலைக் காப்பவை காலுக்குச் செருப்பும், வீட்டுக்கு மலசலகூடமும், உழைப்புக்கேற்ற கூலியுமே. இவற்றைக் கேட்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை அந்த வெறுங்கால்கள் நமக்குக் கற்பிக்கின்றன.