ஹியூகனோட்டுகள்: பறித்தவர்களின் பதிவேடுகளில் வேர்களைத் தேடும் பேரப்பிள்ளைகள்

பிரான்சில் 16 ஆம் நூற்றாண்டில் கல்வினின் போதனையை ஏற்ற புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்களே ஹியூகனோட்டுகள் எனப்பட்டனர். கத்தோலிக்க மன்னராட்சியின் கீழ் அவர்கள் சிறுபான்மையினர். 1572 ஓகஸ்ட் 24 இல் பாரிசில் தொடங்கிய படுகொலை பல நகரங்களுக்கும் பரவியது. 1598 இல் நான்காம் ஹென்றி நாந்து ஆணையின் மூலம் அவர்களுக்கு வழிபாட்டுரிமை வழங்கினார். அந்த உரிமை எண்பத்தேழு ஆண்டுகளே நிலைத்தது.

பதினான்காம் லூயியின் ஆட்சியில் உரிமைகள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. 1681 இல் பொய்த்து மாகாணத்தில் ஒரு புதிய முறை ஆரம்பமானது. குதிரைப்படையினர் புரட்டஸ்தாந்து வீடுகளுக்குள் குடியமர்த்தப்பட்டனர். உணவும் படுக்கையும் வீட்டுக்காரரே கொடுக்க வேண்டும். மதம் மாறிக் கையொப்பம் வைத்தால் சிப்பாய்கள் வெளியேறுவர். வீட்டுக்குள் இராணுவம் இருப்பது எப்படிப்பட்டதென்று இந்தக் கட்டுரையை வாசிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1685 ஒக்டோபரில் நாந்து ஆணை முற்றாக நீக்கப்பட்டது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் இரண்டு வாரங்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். சாதாரண மக்களோ வெளியேறவே கூடாது. பிடிபட்ட ஆண்கள் துடுப்புக் கப்பல்களுக்கும் பெண்கள் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். அப்படியிருந்தும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் தப்பினர்.

பெரும்பாலானோர் ஒல்லாந்து, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜேர்மன் நாடுகளில் தஞ்சமடைந்தனர். அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போனோர் சில ஆயிரம் பேர் மட்டுமே. ஆனால் இன்று தமது மூதாதையர் ஹியூகனோட்டுகள் என்று சொல்லும் அமெரிக்கக் குடும்பங்கள் ஏராளம். இந்தத் தேடல்களைப் பற்றி நான் தொடர்ந்து வாசித்து வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: ஆவணங்களைக் கைவிட்டு இரவில் ஓடிய ஒருவரை, முந்நூறு ஆண்டுகள் கழித்து எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முதலில் பெயர். பிரெஞ்சு ஒலியுள்ள குடும்பப் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் ஹியூகனோட் வழித்தோன்றல் ஆகிவிட முடியாது. அந்தப் பெயருடன் கத்தோலிக்கரும் அமெரிக்கா போயிருக்கிறார்கள். மறுபுறம் உண்மையான ஹியூகனோட் பெயர் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். பொர்தோ நகருக்கு அருகில் பிறந்த அப்பொலோ றிவோயர் பதின்மூன்று வயதளவில் பொஸ்டனுக்கு வந்து ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழகினார். உள்ளூர் மக்களின் நாவுக்கு வசதியாக அவர் பெயரை றிவியர் என்று மாற்றிக்கொண்டார். அமெரிக்கப் புரட்சியின் வீரரான போல் றிவியர் அவருடைய மகன்.

ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பிரான்சில் தேடத் தொடங்குவது வீண் வேலை. தன்னிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போய், கடல் கடந்தவரை முதலில் அடையாளம் காணவேண்டும். அதற்குக் குடியேற்றங்களின் காணி உறுதிகள், மரண சாசனங்கள், ஆலயப் பதிவேடுகள் உதவும். நியூயோர்க்கின் நியூ போல்ட்ஸ் ஊரில் 1677 இல் பன்னிரண்டு பேர் எசோப்பஸ் பழங்குடியினரிடம் நிலம் வாங்கினர். அங்கே ஆலயப் பதிவேடு முதலில் பிரெஞ்சில், பிறகு டச்சில், பிறகு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தலைமுறைகளின் மொழி மாற்றத்தை அதன் பக்கங்களிலேயே பார்க்கலாம். ஊரின் பெயரிலும் தடயம் உண்டு. அவர்கள் இடையில் தங்கியிருந்த ஜேர்மனியின் பல்ஸ் பிரதேசத்தின் பெயர் அது. இவர்கள் 1685 க்கு முன்னரே வந்துவிட்டவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லா இடப்பெயர்வும் ஒரே ஆண்டில் நடந்ததல்ல. நியூ றொஷெல் ஊரோ தாம் விட்டுவந்த லா றொஷெல் துறைமுகத்தின் நினைவாகப் பெயரிடப்பட்டது. 1689 இல் 6,000 ஏக்கர் நிலம் அங்கு உறுதியாக எழுதப்பட்டது. கேட்டால் ஆண்டுதோறும் யூன் 24 இல் ஒரு கொழுத்த கன்றுக்குட்டி கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை.

இடைத்தங்கல் நாடுகளின் ஆவணங்கள்தான் என் பார்வையில் மிகப் பெறுமதியானவை. லண்டன் திரெட்நீடில் வீதியில் 1550 இல் உருவான பிரெஞ்சு ஆலயத்தில், அகதிகள் தமது பழைய சபையிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ்கள் பதியப்பட்டன. எங்கிருந்து வந்தார் என்பது அதில் இருக்கும். இன்னொரு வகைப் பதிவும் உண்டு. பிரான்சில் அச்சத்தால் மதம் மாறக் கையொப்பமிட்டவர்கள், லண்டன் வந்ததும் சபை முன்னால் நின்று அதை அறிக்கையிட்டு வருந்த வேண்டும். உயிர் தப்ப வைத்த கையொப்பத்துக்காகத் தலைகுனிந்து நின்றவர்களின் பெயர்கள் அவை. அந்த அவமானம்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆதாரம். 1885 இல் தொடங்கிய லண்டன் ஹியூகனோட் சங்கம் இப்படியான பதிவேடுகளை அச்சிட்டு வைத்திருக்கிறது.

பிரான்சுக்குள் பல சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அழிந்துவிட்டன. எஞ்சியவை பெரும்பாலும் மாவட்ட ஆவணக்காப்பகங்களில் உள்ளன. ஆனால் தப்பியோடியோரின் சொத்துகளை அரசு பறித்தபோது, யாருடைய காணி, எந்த ஊர், உரித்தாளர் யார் என்று கவனமாக எழுதி வைத்தது. பாரிசில் தேசிய ஆவணக்காப்பகத்தின் டிடி வரிசையில் அவை இருக்கின்றன. பறித்தவர்களின் கணக்குப் புத்தகமே பறிகொடுத்தவர்களின் சாட்சியாக மிஞ்சியிருக்கிறது.

ஆவணங்களுக்கு அப்பால் ஒரு பெண்ணின் கடிதமும் உண்டு. யூடித் ஜித்தோன் தென் பிரான்சில் தாயுடனும் சகோதரர்களுடனும் இருந்த வீட்டில் சிப்பாய்கள் குடியமர்த்தப்பட்டிருந்தனர். அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த ஓரிரவில் குடும்பம் வெளியேறியது. ஜேர்மனி, ஒல்லாந்து, லண்டன் வழியாகக் கரோலினாவுக்குக் கப்பல் ஏறினர். தாய் கடலில் இறந்தார். மூத்த சகோதரர் கரோலினாவில் காய்ச்சலால் இறந்தார். ஆறு மாதங்கள் பாண் கண்ணில் படாமல், அடிமையைப்போல் நிலத்தில் உழைத்ததாகப் பின்னர் இன்னொரு சகோதரருக்கு எழுதினார்.

கதை அத்துடன் முடியவில்லை. அவருடைய மகன் கபிரியேல் மனிகோ தென் கரோலினாவின் மிகப் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார். பல ஆபிரிக்கர்களை அடிமைகளாக வைத்திருந்தார். வேர்ஜினியாவில் 1700 இல் ஹியூகனோட்டுகள் குடியேறிய மனக்கின் ஊர், மொனக்கன் பழங்குடியினர் வாழ்ந்து கைவிட நேர்ந்த கிராமம். வம்ச வரலாறு எழுதும் பலர் கப்பல் ஏறிய கதையை விரிவாகச் சொல்லிவிட்டு இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். மரண சாசனங்களைத் தேடுவோர் அதைத் தவிர்க்க முடியாது. கட்டில், பாத்திரம், மாடு ஆகியவற்றின் வரிசையில் மனிதர்களின் பெயர்களும் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

பிரான்சில் எஞ்சியிருந்த புரட்டஸ்தாந்தரின் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதிவுசெய்ய 1787 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புரட்சிக்குப் பின்னர், 1790 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இன்னொரு படி மேலே போனது. பறிக்கப்பட்டு அரசின் கையில் எஞ்சியிருந்த சொத்துகளை உரித்தாளர்களிடம் திருப்பிக் கொடுக்க அது வழிசெய்தது. மத காரணத்தால் நாடுநீங்கிய பிரெஞ்சு ஆணின் அல்லது பெண்ணின் வழித்தோன்றல், எத்தனையாவது தலைமுறையாயினும், பிரான்சுக்குத் திரும்பிவந்து குடியமர்ந்து குடிமகனுக்குரிய சத்தியம் செய்தால் பிரெஞ்சுப் பிரஜையாகக் கருதப்படுவார் என்றும் அது சொன்னது. தாய்வழியும் செல்லும். அந்த உரிமை 1945 வரை சட்டத்தில் இருந்தது. வம்சாவளியை நிரூபிக்கக் காகிதம் வைத்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டது.