ஃபோல்டிங் அட் ஹோம்

வீடுகளிலும் அலுவலகங்களிலும் சும்மா இருக்கும் கணினிகளின் கணக்கிடும் திறனை இணையம் வழியே திரட்டி, உடலிலுள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன, எங்கே பிசகுகின்றன என்று ஆராயும் தன்னார்வத் திட்டம் ஃபோல்டிங் அட் ஹோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டேயின் ஆய்வுக்குழு 2000 அக்டோபர் 1 அன்று இதைத் தொடங்கியது. 2019 முதல் கிரெக் போமன் தலைமையேற்று நடத்துகிறார். அவர் முதலில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும், 2022 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி வருபவர். அல்சைமர், பார்க்கின்சன், ஹன்டிங்டன், புற்றுநோய், கோவிட் எனப் பல நோய்களுக்கான அடிப்படை ஆராய்ச்சி இதில் நடக்கிறது. சேருபவர் பணம் கட்ட வேண்டியதில்லை, உயிரியல் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு மென்பொருளை நிறுவிவிட்டால் போதும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். செல்லுக்குள் உருவாகும்போது அது தானாகவே சுருண்டு மடிந்து தனக்கென ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த வடிவம் அமைந்தால்தான் அதற்குரிய வேலை நடக்கும். வடிவம் பிசகினால் நோய். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமைலாய்டு பீட்டா, ஹன்டிங்டன் நோயில் திரளும் புரதம், பல புற்றுநோய்களில் கெட்டுப்போகும் பி53 எல்லாமே இப்படிப் பிசகியவைதான். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று ஒரு பிறவி நோய் உண்டு. அதில் குழந்தையின் எலும்பு சிறு அடிக்கும் முறிந்துவிடும். எலும்பைத் தாங்கும் கொலாஜன் புரதத்தில் மூன்றுக்கு ஒன்றாகக் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தாக வேண்டும். ஓரிடத்தில் கிளைசினுக்குப் பதில் பருமனான வேறொன்று வந்து உட்கார்ந்தாலே மூன்று இழைகளும் சரியாக முறுக்கேற முடியாது. இந்த நோயும் ஃபோல்டிங் அட் ஹோம் எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் ஒன்று.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்ற அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். புரதச் சரத்தின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடமும் அங்கிருந்துதான் 1963-இல் வந்தது. ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரின் ஆக்கம் அது. ஒரு புரத அமைப்பு நம்பத்தக்கதுதானா என்று பார்க்க உலகெங்கும் இன்றும் அந்த வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள். ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்துக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அதன் கணினிகள் நொடிதோறும் கணக்கிடும் அசைவுகளில் அந்தக் கோணங்களும் அடக்கம். தமிழில் இத்திட்டத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

கணக்கின் பாரம்

ஒரு புரதம் மடிவதைக் கணினியில் பார்க்க வேண்டுமானால், அதன் ஒவ்வோர் அணுவின் மீதும், சுற்றியுள்ள நீரின் ஒவ்வோர் அணுவின் மீதும் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று கணக்கிட வேண்டும். அணுக்களை இம்மியளவு நகர்த்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கணக்கிட வேண்டும். இதற்கு மூலக்கூறு இயக்கச் சிமுலேஷன் என்று பெயர். ஒரு நகர்த்தலுக்குரிய காலம் ஏறத்தாழ 2 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியைப் பத்துக் கோடிக் கோடியாகக் கூறுபோட்டால் கிடைப்பதுதான் ஒரு ஃபெம்டோ வினாடி. மிக வேகமாக மடியும் சிறு புரதங்களுக்கே சில மைக்ரோ வினாடிகள் ஆகும், பலவற்றுக்கு மில்லி வினாடிகளும் அதற்கு மேலும் ஆகும். ஒரு மைக்ரோ வினாடியைக் கடக்க 50 கோடி நகர்த்தல்கள், ஒரு மில்லி வினாடிக்கு 50,000 கோடி. ஒவ்வொரு நகர்த்தலிலும் பல்லாயிரம் அணுக்கள். திட்டம் தொடங்கிய காலத்துக் கணினி ஒன்று நாள் முழுக்க உழைத்தால் ஒரு நானோ வினாடியளவுதான் நகரும். அந்தக் கணக்கில் ஒரு மில்லி வினாடிக்கு 10 லட்சம் நாள், அதாவது 2,700 ஆண்டுகளுக்கு மேல்.

ஆயிரம் கணினிகளைச் சேர்த்தால் ஆயிரம் மடங்கு வேகம் கிடைத்துவிடாதா என்றால், கிடைக்காது. முந்தைய நகர்த்தல் முடிந்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். வேற்றுக்கோள் உயிர்களைத் தேடி 1999-இல் பெர்க்லியில் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டத்துக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. வானொலித் தொலைநோக்கி பதிவுசெய்ததைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம், ஒரு துண்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்காது. புரதத்தில் அப்படி வெட்ட வழியில்லை.

பாண்டே குழுவினர் கண்டுபிடித்த வழி வேறு. மாமரத்தடியில் பழம் விழுவதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விழும் நேரம் ஒரு கணம், காத்திருப்பதுதான் நெடுநேரம். ஒருவரே நாள் முழுக்க ஒரு மரத்தடியில் நிற்பதைவிட, ஆயிரம் மரங்களின் அடியில் ஆயிரம் பேர் சில நிமிடங்கள் நின்றால் யாரோ சிலர் கண்ணெதிரே பழம் விழுந்தே தீரும். புரதம் மடிவதும் ஏறக்குறைய இப்படித்தான். பெரும்பாலான நேரம் அது ஒரே நிலையில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. தடையைத் தாண்டி அடுத்த நிலைக்குப் பாய்வது திடீரென நடக்கிறது. ஆகவே ஒரே நீண்ட சிமுலேஷனுக்குப் பதில் ஆயிரக்கணக்கான குறுஞ்சிமுலேஷன்களை வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓடவிட்டு, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எத்தனை முறை பாய்ந்தது என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒரே வரைபடமாகத் தைக்கிறார்கள். மார்க்கோவ் நிலை மாதிரி என்பது இந்த முறையின் பெயர். பிபிஏ5 என்ற மிகச் சிறிய புரதத்தின் மடியும் வேகத்தை இத்திட்டத்தின் கணினிகள் கணித்தன, ஆய்வுக்கூடத்தில் அளந்த வேகமும் அதற்கு ஒத்து வந்தது. 2002-இல் நேச்சர் இதழில் அந்த முடிவு வெளியானபோது, முன்பின் அறியாதவர்களின் கணினிகளை நம்பி அறிவியல் செய்யலாம் என்பது நிலைநாட்டப்பட்டது.

ஒரு பொதியின் பயணம்

தன்னார்வலரின் கணினிக்கு வந்து சேரும் வேலைக்கு ஒர்க் யூனிட் என்று பெயர். அதைப் பொதி என்று சொல்லலாம். ஒவ்வொரு பொதிக்கும் நான்கு எண்கள் உண்டு. முதல் எண் எந்த ஆய்வு என்பதைச் சொல்லும். இரண்டாவது, புரதம் எந்த வடிவத்திலிருந்து தொடங்குகிறது என்பதை. மூன்றாவது, அதே வடிவத்துக்கு அணுக்களின் தொடக்க வேகத்தை மாற்றி எடுத்த நகல்களில் இது எத்தனையாவது என்பதை. நான்காவது எண்ணுக்குத் தலைமுறை என்று பெயர். தலைமுறை 57 என்று இருந்தால், இதற்கு முந்தைய துண்டு வேறு ஏதோ ஓர் ஊரில் வேறு யாருடைய கணினியிலோ முடிந்து திரும்பியிருக்கிறது, இவர் முடித்து அனுப்பினால்தான் 58 பிறக்கும். ஒரு நகல் எத்தனை கை மாறினாலும் ஒரே தொடர் ஓட்டம்தான்.

கணினித் திரையில் நடப்பது பார்வைக்கு மிக எளிமையானது. பொதி இறங்குகிறது, சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுகிறது, மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் கூடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதுவரை முடிந்த கணக்கு வட்டில் பதிவாகிவிடும். இடையில் கரண்ட் போனாலும் கடைசிப் பதிவிலிருந்து வேலை தொடரும். நூறு எட்டியதும் முடிவு சர்வருக்குப் போய்ச் சரிபார்க்கப்படுகிறது, அடுத்த பொதி வருகிறது. ஒவ்வொரு பொதிக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் அதே பொதி வேறொருவருக்குப் போய்விடும். முடித்ததற்குப் புள்ளிகள் உண்டு, சீக்கிரம் முடித்தால் கூடுதல் புள்ளிகள். இந்தப் புள்ளிகளை வைத்து அணிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. விளையாட்டாகத் தோன்றினாலும், தொடரை நிறுத்தி வைக்காமல் ஓட்டுவதற்காகவே இந்த விரைவுப் புள்ளி வைக்கப்பட்டது.

வீட்டில் இருக்கும் வலுவான கணிப்பொறி பெரும்பாலும் விளையாட்டுக்காக வாங்கியதுதான் என்பதை இத்திட்டம் வெகு சீக்கிரமே கண்டுகொண்டது. 2006-இல் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் பதிப்பு வந்தது. 2007 மார்ச்சில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 இணைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வேகம் ஒரு பெட்டாஃபிளாப்பைத் தாண்டி கின்னஸ் பதிவாயிற்று. பெட்டாஃபிளாப் என்றால் வினாடிக்கு 1-க்குப் பின்னால் 15 சுழியங்கள் போட்ட அளவு கணக்குகள். அந்த எல்லையை முதலில் எட்டியது எந்த அரசின் மீக்கணினியும் அல்ல, வரவேற்பறைகளில் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த பெட்டிகள். 2012 நவம்பரில் பிளேஸ்டேஷன் பதிப்பு நிறுத்தப்படும்வரை 1.5 கோடிக்கும் அதிகமானோர் அதன் வழியே பங்கேற்றிருந்தனர்.

2020

கொரோனா பரவத் தொடங்கியபோது ஏறத்தாழ 30,000 கணினிகளே இத்திட்டத்தில் இயங்கிக்கொண்டிருந்தன. பிப்ரவரி இறுதியில், புதிய வைரஸின் புரதங்களை ஆராயப்போவதாக போமன் அறிவித்தார். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவர்கள் திரண்டு வந்தார்கள். சில வாரங்களில் பங்கேற்றவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். கொடுக்கப் பொதி இல்லாமல் சர்வர்கள் திணறின. உதவ வந்தவர்களின் கணினிகள் வேலைக்காக வரிசையில் நின்ற நாட்கள் அவை. மார்ச் கடைசி வாரத்தில் மொத்த வேகம் எக்ஸாஃபிளாப் எல்லையைக் கடந்தது. பெட்டாஃபிளாப்பைப் போல ஆயிரம் மடங்கு. உலகின் எந்தத் தனி மீக்கணினியும் அதுவரை அந்த எல்லையைத் தொட்டதில்லை.

அந்த வேகத்தால் என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியம். வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஸ்பைக் புரதம் மூடியபடியே இருந்தால் மனித செல்லைப் பற்ற முடியாது. திறந்தால் பற்றலாம், ஆனால் நம் நோயெதிர்ப்பு அமைப்பின் கண்ணில் பட்டுவிடும். அது எப்போது, எவ்வளவு திறக்கிறது என்பது மருந்து தேடுபவருக்குப் பெரிய கேள்வி. உறைய வைத்து எடுத்த நுண்ணோக்கிப் படங்களில் ஓரளவு திறந்த நிலைதான் தெரிந்தது. தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து, வைரஸின் புரதங்களுக்கு மொத்தம் 0.1 வினாடி அளவு சிமுலேஷனைத் தந்தன. 0.1 வினாடி என்பது மேலே சொன்ன கணக்கின்படி நூறு மில்லி வினாடி. அதில் ஸ்பைக் புரதம் படங்களில் கண்டதைவிட மிக அகலமாக வாய் பிளப்பது தெரிந்தது. வைரஸின் பல்வேறு புரதங்களில், அசையும்போது மட்டும் திறந்து மூடும் மறைவுக் குழிகள் 50-க்கும் மேல் அகப்பட்டன. மருந்து மூலக்கூறு போய் உட்காரக் கூடிய இடங்கள் இவை. இந்த ஆய்வு 2021-இல் நேச்சர் கெமிஸ்ட்ரி இதழில் வந்தது.

கோவிட் மூன்ஷாட் என்ற கூட்டு முயற்சியிலும் இந்தக் கணினிகளுக்குப் பங்குண்டு. வைரஸின் முதன்மை புரோட்டியேஸ் நொதியை முடக்கும் மருந்தைக் காப்புரிமை கோராமல், எல்லாத் தரவையும் திறந்து வைத்துத் தேடிய முயற்சி அது. உலகெங்குமிருந்து வேதியியலாளர்கள் 18,000-க்கும் மேற்பட்ட மூலக்கூறு வடிவமைப்புகளை அனுப்பினர். எதை முதலில் தயாரித்துப் பார்ப்பது என்று வரிசைப்படுத்தும் கணக்கில் ஃபோல்டிங் அட் ஹோம் உதவியது. சுமார் 2,400 சேர்மங்கள் தயாரிக்கப்பட்டன. முடிவுகள் 2023-இல் சயின்ஸ் இதழில் வெளியாயின. மருந்துக்கடை வரை வருவதற்கு இதற்குப் பிறகும் நீண்ட தூரம் உண்டு, அடிப்படை ஆராய்ச்சிக்கு நேரம் கொடுப்பவர் இதை அறிந்தே கொடுக்க வேண்டும்.

பக்கத்துத் திட்டங்கள் சிலவும் உண்டு. ஐபிஎம் 2004-இல் தொடங்கிய வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் இப்போது டொரன்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்திடம் இருக்கிறது. குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய்க்காக அதில் 30 லட்சம் சேர்மங்களைச் சலித்து, ஜப்பானின் சிபா நகர ஆய்வாளர்கள் 7 சேர்மங்களைத் தேர்ந்தெடுத்தனர். 2024-இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகம் நடத்துவது ரொசெட்டா அட் ஹோம். அதே நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களின் ஆல்ஃபாஃபோல்டு, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. பிறகு வீட்டுக் கணினிகள் எதற்கு என்று கேட்கலாம். ஆல்ஃபாஃபோல்டு தருவது பெரும்பாலும் ஓய்ந்து நிற்கும் வடிவத்தை. மறைவுக் குழியோ புரதம் அசையும்போதுதான் திறக்கிறது. அசைவைப் பார்க்க இன்னும் அணு அணுவாக நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

தருபவர் தருவது

சும்மா கிடக்கும் திறனைத்தானே தருகிறோம், செலவொன்றும் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய பிராசஸர்கள் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு மின்சாரம் எடுத்ததால் அன்று அது ஓரளவு உண்மை. இன்றைய பிராசஸர்கள் வேலையில்லாதபோது மின்சாரத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. வேலை கொடுத்தால் எகிறுகின்றன. கிராஃபிக்ஸ் கார்டோடு 250 வாட் எடுக்கும் கணினி 10 மணி நேரம் ஓடினால் இரண்டரை யூனிட். இரவுதோறும் ஓட்டினால் மாதத்துக்கு 75 யூனிட். எடுத்த மின்சாரம் முழுவதும் அறைக்குள் வெப்பமாக இறங்கும். பனிக்கால நாடுகளில் அது ஹீட்டருக்கு உதவி, கத்திரி வெயிலில் ஏசிக்குக் கூடுதல் சுமை. உண்மையான நன்கொடை இதுதான், இதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். வேகத்தை மட்டுப்படுத்தவும், யாரும் பயன்படுத்தாதபோது மட்டும் ஓடச் செய்யவும் மென்பொருளில் வசதி உண்டு. மடிக்கணினியில் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்டாமல் இருப்பது நல்லது. நிறுவனத்துக்குச் சொந்தமான கணினியில் அனுமதி வாங்காமல் நிறுவக் கூடாது என்பது திட்டத்தின் விதி. மென்பொருளைத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

விலக விரும்புபவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மென்பொருளில் நிறுத்துவதற்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று அந்த நொடியே நிறுத்தும். மற்றொன்று கையிலுள்ள பொதியை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்ததை வாங்காமல் நிற்கும். இரண்டாவதை அழுத்தினால் தொடர் கெடு வரை காத்திருக்காமல் அடுத்த தலைமுறைக்கு நகர்ந்துவிடும்.