ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கிடையாது

ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு என்று ஒன்று இருந்ததைச் சொன்னால் இப்போது வரும் ஜூனியர்கள் நம்புவதில்லை. மாதம் ஐந்நூறு ரூபாய். அதற்கு மேல் எந்த மாஜிஸ்திரேட்டும் ஒரு காசு கூட்டிப் போட முடியாது; புருஷன் ரைஸ்மில் வைத்திருந்தாலும் சரி, நாலு லாரி ஓட்டினாலும் சரி. மதுரையில் வக்கீல் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டியவன் நான். எம்.சி. என்கிற ஜீவனாம்ச மனுவின் கடைசிப் பத்தியில் எத்தனை ரூபாய் கேட்பது என்று யாரும் யோசித்ததே இல்லை. 500 என்று அடித்துவிட்டு அடுத்த காகிதத்தைச் சொருக வேண்டியதுதான்.

இந்த வரம்பு வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. 1872-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஐம்பது ரூபாய் என்று போட்டுவிட்டார்கள். கைவிடப்பட்டவளுக்கு நியாயம் செய்வது அவர்களுடைய முதல் கவலை இல்லை; அவளும் பிள்ளையும் தெருவில் கையேந்தி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால்தான் திருட்டும் அடிதடியும் விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். பட்டினி கிடக்காமலிருக்க எவ்வளவு வேண்டும் என்பதுதான் கேள்வி. புருஷனின் வசதிக்கு எவ்வளவு தகும் என்பது சிவில் கோர்ட்டின் பாடு. 1898 சட்டத்தில் அதுவே 488-ம் பிரிவானது. 1923-ல் நூறு ரூபாய், 1955-ல் ஐந்நூறு.

1955-ல் ஐந்நூறு ரூபாய் பெரிய பணம், அதை மறுக்க முடியாது. அன்றைய விலைக்கு ஏழு பவுன் வாங்கலாம். ஆனால் 1973-ல் புதுச் சட்டம் எழுதி, 488 போய் 125 வந்தபோதும் தொகையை அப்படியே விட்டுவிட்டார்கள். மத்தியச் சட்டத்தில் 2001 வரைக்கும் அது அசையவில்லை. அதற்குள் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் தங்கம் வாங்க முடிந்தது.

நடுவில் ஒரே ஒரு வாசல் திறந்தது. சட்டத்தில் 'மொத்தத்தில் ஐந்நூறு' என்று இருந்தது. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எல்லாம் சேர்த்து ஐந்நூறுதான் என்று எதிர்த்தரப்பு வாதாடும். டெல்லி வழக்கு ஒன்றில் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக மாஜிஸ்திரேட் ஆயிரம் ரூபாய் போட, புருஷன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் தெளிவாகச் சொன்னார்: மொத்தம் என்பது ஒரு ஆளின் சோறு, துணி, மருந்து எல்லாவற்றுக்குமான மொத்தம், ஆளுக்கு ஐந்நூறு வரை போடலாம். அதற்குப் பிறகு எங்கள் மனுக்களில் பிள்ளைகளை ஒன்றாம் மனுதாரர், இரண்டாம் மனுதாரர் என்று தனித்தனியாக வரிசைப்படுத்த ஆரம்பித்தோம். கைக்குழந்தைக்கும் மனுதாரர் என்று ஒரு நம்பர் உண்டு.

சரி, ஜீவனாம்சத்தை விட்டு, கல்யாணத்தையே தீர்த்துவிடுவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டுக்கு வந்தால்தான் விவாகரத்து என்பது எங்கள் பக்கத்தில் புதுப் பழக்கம். சாஸ்திரம் பேசிய மேல்சாதி வீடுகளில் கல்யாணத்தை முறிக்க வழியே இல்லை. மற்ற பல சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துவிட்டு, அவள் வேறு ஒருவனைக் கட்டிக்கொள்வது சகஜம். மதுரை வட்டாரத்தில் புருஷன் ஒரு துரும்பைக் கொடுத்து முறித்துக்கொண்டதை தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி தர்ஸ்டன் எழுதி 1909-ல் வெளிவந்த தொகுதிகளில் பார்க்கலாம். பரிசப் பணத்தை யார் யாருக்குத் திருப்புவது என்று அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். அந்த முறையைப் புகழ நான் தயாரில்லை. பேச உட்கார்ந்த கூட்டம் முழுக்க ஆம்பிளைகள். பிள்ளைகள் பெரும்பாலும் தகப்பன் வீட்டுக்கே.

1949-ல் மதராஸ் மாகாணம் தனியாகச் சட்டம் போட்டு இரண்டாம் தாரத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு விவாகரத்தையும் அனுமதித்தது. ஆறு வருஷம் கழித்துத்தான் இந்து திருமணச் சட்டம் நாடு முழுக்க வந்தது. அதிலும் 29-ம் பிரிவு வழக்கப்படி தீர்த்துவிடுவதை ஒழிக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஸ்டாம்ப் பேப்பரில் விடுதலைப் பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு வீட்டாரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்கள். அப்படியொரு வழக்கம் அந்தச் சமூகத்தில் காலங்காலமாக உண்டு என்று பின்னால் கோர்ட்டில் நிரூபிக்கச் சொல்லும்போதுதான் சிக்கல். நிரூபிக்க முடியாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம். இரண்டாவது கல்யாணமும் செல்லாது, இரண்டாவதாகக் கட்டியவளுக்கு வர வேண்டிய குடும்ப பென்ஷனும் போச்சு.

பிள்ளை விஷயத்தில் சட்டம் இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1956-ன் இந்துக் காப்பாளர் சட்டப்படி தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், 'அவருக்குப் பிறகு' தாய். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். இருப்பது வேறு, கையெழுத்துப் போடும் உரிமை வேறு. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல் தன் மகன் பெயரில் இருபதாயிரம் ரூபாய்க்கு ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பிவந்தது. இத்தனைக்கும் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தே கேட்டது அது. 1999-ல் உச்ச நீதிமன்றம், 'அவருக்குப் பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் பொருளில்லை, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் இருந்தாலும் தாயே காப்பாளர் என்றது. அதே தீர்ப்பில் சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு, விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு தாயுடையது. ஜி.டபிள்யூ.ஓ.பி. என்கிற காப்பாளர் மனுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த எனக்கு அந்த இரண்டாவது மனுதான் முக்கியம்.

மறுபடி ஜீவனாம்சத்துக்கு வருவோம். 2001-ல் அந்த ஐந்நூறு ரூபாய் வரம்பை எடுத்தார்கள். எண்ணைத் தூக்கியதும் புருஷன்மார் எல்லாரும் ஒரே நாளில் ஏழைகளாகிவிட்டார்கள். சம்பளச் சீட்டு உள்ள அரசு ஊழியர் மாட்டிக்கொள்வார். கடைக்காரரோ 'கூலி வேலைதான் ஐயா' என்பார். அடங்கல், பட்டா, வண்டியின் ஆர்.சி. நகல் என்று பெண் வீட்டார் துப்பறிய வேண்டியிருந்தது. இதற்கு முடிவு கட்ட 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்தது. வருமானம், கடன், வங்கிக் கணக்கு, சொத்து எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும். சம்பாதிக்கும் பெண்ணும் தன் கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும். அது நியாயம்தான்.

2024 ஜூலையிலிருந்து, இன்னொரு புதுச் சட்டத்தில், 125-ம் பிரிவு 144 ஆகிவிட்டது. நம்பர் மாறியும் ஒரு பழைய விதி அப்படியே கூடவே வந்திருக்கிறது: பாக்கித் தொகைக்கு வாரண்டு வேண்டுமென்றால் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். 'அடுத்த மாசம் தர்றேன்' என்று சொல்லியே பதினோரு மாசம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விதி நன்றாகத் தெரியும். என்னிடம் யோசனை கேட்டு வருகிற பெண்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். வக்கீல் பேரைச் சொல்வது அப்புறம்.