எந்த ஜோடி பெரிய ஜோடி?

வானூர் பஸ்ஸில் வரும்போது நண்பர்களுக்குள் ஒரு சண்டை. என்.பி.ஏ. கூடைப்பந்தில் சிறந்த ஜோடி எது? ஒருவன் ஜோர்டான் - பிப்பன் என்றான். சிகாகோ அணிக்கு ஆறு கோப்பைகள். இன்னொருவன் ஷாக் - கோபி என்றான். லேக்கர்ஸ் அணிக்கு 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று. இறங்கும் வரை முடிவு வரவில்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. ஜோடி என்று பேச அமெரிக்கா வரை ஏன் போக வேண்டும்? டென்னிஸில் நம்மிடமே மூன்று ஜோடிகள் உண்டே!

முதலில் ராமநாதன் கிருஷ்ணன் - ஜெய்தீப் முகர்ஜி. 1966-ல் இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒரே ஒரு வெற்றி இவர்களுடையது. எதிரே நின்றவர்கள் நியூகோம்ப் - ரோச், அதாவது 1965 விம்பிள்டன் சாம்பியன்கள். அவர்களை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தினார்கள்.

அடுத்து சென்னை அண்ணன் தம்பி, ஆனந்த் - விஜய் அமிர்தராஜ். 1974-ல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இவர்கள் ஆடிய இரட்டையர் ஆட்டத்தின் ஸ்கோரைப் பாருங்கள்: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. மொத்தம் 99 கேம்கள்! ஜெயித்தார்கள், அணி இறுதிக்கும் போனது. ஆனால் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போய்விட்டது. கைக்கு எட்டிய கோப்பையை விட்டது சரியா என்றால், சரிதான் என்பேன். ஆனாலும் அந்த வயதில் அந்த வாய்ப்பு போனால் எப்படி வலித்திருக்கும்?

மூன்றாவது லியாண்டர் பயஸ் - மகேஷ் பூபதி. பூபதி பிறந்தது சென்னை. பயஸ் கல்கத்தாக்காரர் என்றாலும் ஆட்டம் பழகியது சென்னையில், அமிர்தராஜ் அகாடமியில். 1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் ஆடினார்கள். பிரெஞ்ச் ஓபனும் விம்பிள்டனும் ஜெயித்தார்கள். 2001-ல் மறுபடி பிரெஞ்ச் ஓபன்.

அப்புறம் பிரிந்தார்கள். சேர்ந்து வாங்கிய கிராண்ட்ஸ்லாம் மூன்று. பிரிந்தபின் ஆடவர் இரட்டையரில் வேறு ஜோடிகளோடு பயஸ் ஐந்து, பூபதி ஒன்று, ஆக ஆறு. ஷாக் - கோபி கதையும் இதேதான். சேர்ந்து மூன்று, பிரிந்தபின் ஷாக் ஒன்று (2006), கோபி இரண்டு (2009, 2010). திறமை தீர்ந்து போய் உடைந்த ஜோடிகள் அல்ல இவை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் கடைசி செட்டை 16-14 என்று குரோஷியாவிடம் இழந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு பயஸோடு ஆட மாட்டேன் என்றே பூபதி சொல்லிவிட்டார்.

அப்படியானால் யாருக்கு என் ஓட்டு? ஒரே நாளின் வீரம் என்றால் கிருஷ்ணன் - முகர்ஜி. கடைசி வரை ஒட்டி நின்றது என்றால் அமிர்தராஜ் சகோதரர்கள். ஆனாலும் என் ஓட்டு பயஸ் - பூபதிக்கே. காரணம் கிராண்ட்ஸ்லாம் இல்லை. 1997 முதல் 2010 வரை டேவிஸ் கோப்பையில் தொடர்ந்து 24 ஆட்டங்கள் ஜெயித்தார்கள், அது உலக சாதனை. அதில் பெரும்பகுதி, இருவருக்கும் ஒத்துப் போகாத வருடங்களில் வந்தது! பிடித்தவனோடு யார் வேண்டுமானாலும் ஆடலாம். பிடிக்காதவன் பக்கத்தில் நின்று, அவன் விட்ட பந்தையும் ஓடி எடுப்பதுதான் கஷ்டம்.

ஆனால் ஒரு வருத்தம் போகவில்லை. அந்த ஆறையும் இந்த மூன்றோடு கூட்டிப் பாருங்கள். பேசித் தீர்த்திருந்தால் இந்தப் பட்டிமன்றமே தேவைப்பட்டிருக்காது.

நீங்கள் யார் பக்கம்?